அல்சரேட்டின் 2024 ஆல்பம் பிடிபடவில்லை, கேட்டு ரசித்தவர்கள் உதவுங்கள்

டெத் மெட்டல் என்ற கடுமையான மெட்டல் இசை வகையைப் பல வருடமாகக் கேட்கிறேன். ஆனால் நியூசிலாந்து இசைக்குழுவான அல்சரேட் 2024 ஜூனில் வெளியிட்ட 'கட்டிங் தி த்ரோட் ஆஃப் காட்' மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. மோசமான ஆல்பம் என்று சொல்ல வரவில்லை. அதில் பெரிதாக ஏதோ இருப்பது தெரிகிறது, அதனால்தான் விட மனமில்லை.

முதல் பாட்டு நன்றாகப் போகிறது. அப்புறம் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. ஜேமி செயின்ட் மெரட்டின் டிரம்ஸ் காதை முழுசாக இழுத்துக்கொள்கிறது. மைக்கேல் ஹாகர்டின் கிட்டார் எங்கே திரும்புகிறது என்று பிடிக்க முடியவில்லை. மொத்தம் 7 பாட்டு, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். முடிந்ததும் ஒரு ரிஃப்கூட (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) மனதில் நிற்பதில்லை.

புளூடூத்தை விட்டு வயர் ஹெட்ஃபோனுக்கு மாறினேன். சத்தத்தைக் குறைத்துக் கேட்டேன். ஒரு நாளைக்கு ஒரு பாட்டு என்று பிரித்தும் பார்த்தேன். இதே குழுவின் 2020இல் வந்த 'ஸ்டேர் இன்டு டெத் அண்ட் பி ஸ்டில்' ஆல்பத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். அது ஓரளவு புரிந்தது, இது இல்லை.

நீளம் காரணமில்லை. அதே வருடம் வந்த பிளட் இன்கான்டேஷன் குழுவின் 'அப்சல்யூட் எல்ஸ்வேர்' இரண்டே பாட்டு, ஒவ்வொன்றும் 20 நிமிடத்துக்கு மேல். அது உடனே பிடித்துப்போனது. அதில் சின்தசைசர் வரும் இடங்களில் மூச்சுவிட முடிகிறது. அல்சரேட்டில் அந்த இடைவெளி எனக்குத் தட்டுப்படவில்லை.

எந்தப் பாட்டில் தொடங்கி, எந்த வாத்தியத்தைப் பின்தொடர்ந்தால் இந்த ஆல்பம் பிடிபடும்?