நிறுத்தி வைத்த காரில் கரன்ட் எங்கே போகிறது? (குடும்ப போன் குழுவில் நடந்த அரட்டை)

சனிக்கிழமை

மதி: கார் இன்றைக்கும் செல்ஃப் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது. புதன்கிழமை இரவு நிறுத்தியது, அதன் பிறகு யாரும் தொடவில்லை. தினமும் ஓட்டினால் ஒரு தொந்தரவும் கிடையாது.

மாமா: பேட்டரி போயிருக்கும். புதுசு மாற்றிவிடு.

மதி: மாற்றி ஒரு வருடம்கூட ஆகவில்லை மாமா.

சித்தப்பா: பொறு மதி. ஓட்டினால் சரியாக இருக்கிறது, நிறுத்தினால் இறங்குகிறது என்றால் இன்னொரு பேட்டரி வாங்கினாலும் அதுவும் இறங்கும். அளந்து பார்க்காமல் எதையும் மாற்றாதே. யாரிடமாவது வோல்ட், ஆம்பியர் அளக்கும் மல்டிமீட்டர் இருக்கிறதா?

அகிலன்: என்னிடம் இருக்கிறது சித்தப்பா. சார்ஜரும் இருக்கிறது. அரை மணி நேரத்தில் மதி அக்கா வீட்டில் இருப்பேன்.

சித்தப்பா: நல்லது. வேறு வண்டியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பேட்டரியின் வோல்ட்டைப் பார்த்துவிடு. பிறகு வண்டியை ஓடவிட்டு, அந்த வண்டியிலிருந்து போட்ட கேபிளை மட்டும் கழற்றிவிட்டு மறுபடியும் பார்.

அகிலன்: முதலில் 11.9. எஞ்சின் ஓடும்போது 14.1.

சித்தப்பா: எஞ்சின் ஓடும்போது கரன்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுகிறது, அந்தக் கவலை விட்டது. முழு பேட்டரி ஓய்வில் 12.6 அல்லது 12.7 காட்ட வேண்டும். 12.2 என்றாலே பாதி காலி. 11.9 என்றால் அடிமட்டம். அடுத்த கேள்வி, பேட்டரி தானாக இறங்குகிறதா, வண்டி அதை இறக்குகிறதா? மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிட்டு சார்ஜ் போடு. மாலையில் சார்ஜரையும் எடுத்துவிடு. இரவு முழுக்க எதிலும் சேராமல் சும்மா இருக்கட்டும்.

அத்தை: ஏன் மைனஸ்? பிளஸ்ஸைக் கழற்றினால் ஆகாதா?

சித்தப்பா: காரின் உடம்பு முழுக்க மைனஸோடு சேர்ந்திருக்கிறது அக்கா. பிளஸ்ஸைக் கழற்றும்போது ஸ்பேனர் உடம்பில் பட்டால் பெரிய தீப்பொறி வரும். அதனால் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மதி, வேலை செய்யும்போது வளையல் மோதிரம் எல்லாம் கழற்றி வைத்துவிடு.

மதி: சரி சித்தப்பா.

ஞாயிற்றுக்கிழமை

மதி: காலையில் 12.6 காட்டுகிறது.

சித்தப்பா: பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. இரவெல்லாம் தனியாக நின்று 12.6 என்றால் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆக, வண்டிக்குள்தான் கரன்ட் லீக்.

மாமா: ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

சித்தப்பா: தெரியும், ஆனால் அது கடைசியில்தான் மாமா. இப்போதைய வண்டிகளில் நிறைய கம்ப்யூட்டர் பெட்டிகள். கதவைத் திறந்தாலோ ஃபியூஸைப் பிடுங்கிச் செருகினாலோ அவை விழித்துக்கொள்ளும். விழித்தால் கரன்ட் தாறுமாறாக ஏறும். அவை தூங்கிய பிறகு எவ்வளவு ஓடுகிறது என்பதுதான் நமக்கு வேண்டும். அகிலா, கவனமாகப் படி.

சித்தப்பா: மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்று. மைனஸ் டெர்மினலுக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவில் மீட்டர் வர வேண்டும், கரன்ட் மீட்டர் வழியாகவே ஓட வேண்டும். டிக்கியை மூடிவிடு. முன் கதவு திறந்திருக்கட்டும், ஆனால் கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திவிடு, மூடியதாக வண்டி நினைத்துக்கொள்ளும். முடிந்ததும் கைப்பிடியை இழுத்து நாக்கை விடுவித்த பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும். சாவி வீட்டுக்குள் இருக்கட்டும்.

சித்தப்பா: முக்கியமானது. மீட்டர் மாட்டியிருக்கும்போது யாரும் சாவி போட்டு ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மீட்டர் ஃபியூஸ் அந்த நொடியே போய்விடும்.

அகிலன்: மாட்டிவிட்டேன். 2.8 ஆம்பியர்! இவ்வளவா?

சித்தப்பா: பதறாதே. மாட்டியதும் எல்லாம் விழித்திருக்கிறது. அரை மணி நேரம் தொடாமல் விடு. படிப்படியாக இறங்கும்.

அகிலன்: 1.6 ஆனது, பிறகு 0.9. இப்போது வெகு நேரமாக 0.45 இல் நிற்கிறது.

சித்தப்பா: மாட்டியது! 0.05க்குள் இருக்க வேண்டியது. கடிகாரம், ரிமோட் பூட்டு இதற்கெல்லாம் 0.02, 0.03 போதும். ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் அது ஒரு ஆம்பியர் மணி. 0.45 என்றால் ஒரு நாளில் கிட்டத்தட்ட 11 ஆம்பியர் மணி. உன் பேட்டரி எவ்வளவு மதி?

மதி: 45 என்று எழுதியிருக்கிறது.

சித்தப்பா: புதன் இரவிலிருந்து சனி காலை வரை கணக்குப் போடு. பாதிக்கும் மேல் காலி. நீ சொன்ன கதையும் கணக்கும் பொருந்துகின்றன. இப்படிப் பொருந்தினால்தான் சரியான திருடனைத் துரத்துகிறோம் என்று நம்பலாம்.

மதி: முன்னால் வைத்த கேமராவாக இருக்குமோ?

சித்தப்பா: இருக்கலாம், பின்னாளில் மாட்டியதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கேமரா, ஜிபிஎஸ், புது ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபயர். பிளக்கை உருவிப் பார்.

அகிலன்: உருவிவிட்டேன். அதே 0.45.

சித்தப்பா: சரி, ஃபியூஸுக்கு வருவோம். பிடுங்காமலே பார்க்க ஒரு வழி உண்டு. ஃபியூஸின் முதுகில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் வெளியே தெரியும். கரன்ட் ஓடும் ஃபியூஸில் அந்த இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் மில்லிவோல்ட் காட்டும். ஓடாததில் பூஜ்யம். எந்தப் பெட்டியும் விழிக்காது. ஆனால் இப்போது மீட்டரை எடுத்தால் மைனஸ் இணைப்பு அறுந்துவிடும். அதனால் முதலில் ஒரு வயரால் டெர்மினலையும் கேபிளையும் சேர்த்துவிட்டு, பிறகு மீட்டரை எடு.

சித்தப்பா: மறக்காமல் சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்று. ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு பேட்டரியில் வைத்தால் நேரடி ஷார்ட் சர்க்யூட்.

அகிலன்: மாற்றிவிட்டேன். வரிசையாகப் பார்க்கிறேன்.

அகிலன்: பூஜ்யம், பூஜ்யம், 0.1, பூஜ்யம்... ஒன்றில் மட்டும் 3.1 மில்லிவோல்ட். 10 ஆம்பியர் ஃபியூஸ். மூடியில் விளக்குப் படம் போட்டிருக்கிறது.

சித்தப்பா: உள்விளக்குகள். 10 ஆம்பியர் ஃபியூஸில் 3 மில்லிவோல்ட் என்றால் ஏறக்குறைய 0.4 ஆம்பியர். 5 வாட் பல்பு ஒன்று 12 வோல்ட்டில் எடுப்பதும் அதேதான்! எங்கேயோ ஒரு பல்பு அணையாமல் எரிகிறது.

மதி: எல்லா விளக்கும் அணைந்துதான் இருக்கிறது சித்தப்பா. கண்ணால் பார்த்தேன்.

சித்தப்பா: கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எரியும். டேஷ்போர்டு பெட்டிக்குள், டிக்கிக்குள். மூடிய பிறகு உள்ளே எட்டிப் பார்க்க முடியாதே. போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடு. ஒரு நிமிடம் கழித்து எடுத்துப் பார்.

மதி: டேஷ்போர்டு பெட்டியில் ஒரே இருட்டு. டிக்கியில் வைக்கிறேன்.

மதி: டிக்கிதான்!! மூடிய பிறகும் பளிச்சென்று எரிகிறது. வீடியோ அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

அத்தை: அடேயப்பா, உள்ளே பகல் மாதிரி இருக்கிறதே.

மாமா: இத்தனை நாளாக எரிந்துகொண்டே இருந்திருக்கிறதா? நல்லவேளை, புது பேட்டரி வாங்காமல் போனோம்.

சித்தப்பா: டிக்கி பூட்டுக்குள் ஒரு சுவிட்ச் இருக்கும். மூடினாலும் அது விளக்கை அணைக்கவில்லை. சில வண்டிகள் கொஞ்ச நேரத்தில் உள்விளக்குகளைத் தானாகவே நிறுத்திவிடும், உன் வண்டியில் அது இல்லை. இப்போதைக்கு பல்பைக் கழற்றிவிடு. சூடாக இருக்கும், துணி வைத்துப் பிடி. பிறகு மீட்டரை மறுபடியும் ஆம்பியரில் போட்டுப் பார். கண்டுபிடித்ததாக நினைத்து இங்கே நிறுத்தக் கூடாது, எண் இறங்க வேண்டும்.

அகிலன்: டிக்கியைத் திறந்ததால் மறுபடியும் ஏறியிருந்தது, காத்திருந்தோம். இப்போது 0.03.

சித்தப்பா: அவ்வளவுதான். நாளைக்கு மெக்கானிக்கிடம் பூட்டு சுவிட்சை மட்டும் பார்க்கச் சொல். பேட்டரியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடு.

மாமா: ஒருவேளை எந்த ஃபியூஸிலும் ஒன்றும் காட்டாமல் இருந்தால்?

சித்தப்பா: நல்ல கேள்வி மாமா. ஆல்டர்னேட்டரின் தடிமனான வயர் பெரும்பாலும் இந்தச் சின்ன ஃபியூஸ்கள் வழியாக வருவதில்லை. அதற்குள் கரன்ட்டை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு பழுதானால் நிற்கும் வண்டியிலும் அந்த வழியே கரன்ட் ஓடும். பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்து மாட்டிய ஆம்ப்ளிஃபயரும் அப்படித்தான். ஃபியூஸ் பெட்டி சுத்தமாக இருந்தால் இந்த இரண்டையும் கழற்றிவிட்டு எண் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

அத்தை: நான் அடுத்த மாதம் முழுக்க ஊரில் இருக்க மாட்டேன். என் காரில் லீக் ஒன்றும் இல்லை. அப்படியே நிறுத்திவிட்டுப் போகலாமா?

சித்தப்பா: லீக் இல்லாவிட்டாலும் அந்த 0.03 ஓடும் அக்கா. முப்பது நாளைக்கு 21 ஆம்பியர் மணிக்கு மேல். 45 பேட்டரியில் பாதி. காலியாகக் கிடக்கும் பேட்டரி உள்ளே சல்ஃபேட் படிந்து கெட்டுப்போகும். கிளம்பும் முன் மைனஸைக் கழற்றிவிடுங்கள். சாவியால் திறக்கும் கதவு வேலை செய்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், பேட்டரி இல்லாமல் ரிமோட் திறக்காது. ஸ்டீரியோவுக்கு ரகசிய எண் இருந்தால் எழுதி வையுங்கள், திரும்ப மாட்டியதும் கேட்கலாம்.

அத்தை: அகிலா, போகும் முன் நீ வந்து கழற்றித் தருகிறாயா?

அகிலன்: வருகிறேன் அத்தை. மீட்டரும் கொண்டு வருகிறேன், ஒரு தடவை அளந்தும் பார்த்துவிடலாம்.