திருவொற்றியூர் டு பெரம்பூர்: எந்தச் செயலியின் பேச்சைக் கேட்பது?

தேரடி வாசி
அடுத்த மாதத்திலிருந்து எனக்கு வேலை பெரம்பூரில். வீடு திருவொற்றியூர் தேரடி பக்கம். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டர் ஓட்ட வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள், அதனால் பொதுப் போக்குவரத்துதான். போனில் வழி கேட்டால், மெட்ரோவில் சென்ட்ரல் போய் அங்கிருந்து மின்சார ரயில் பிடி என்கிறது. நண்பன் ‘சென்னை ஒன்’ செயலி இருந்தால் வேறு எதுவும் வேண்டாம் என்கிறான். அண்ணனோ, “செயலியாவது ஒன்றாவது, ஸ்டாப்பில் போய் நில்லு, வண்டி வரும்” என்கிறார். தினமும் போய் வருபவர்கள் சொல்லுங்கள்.

காலடிப்பேட்டைக்காரன்
கூகுள் மேப் ஒன்றே போதும். பஸ், மெட்ரோ, ரயில், நடக்கிற தூரம் எல்லாம் ஒரே திரையில் வருகிறது. குறைவாக நடக்க வேண்டும், குறைவாக வண்டி மாற வேண்டும் என்றெல்லாம் தேர்வு செய்யலாம். சென்ட்ரல் வழி சுற்றுதான். ஆனால் மெட்ரோ சிக்னலில் நிற்காது. சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி ஜீவா, அடுத்தது பெரம்பூர். இதற்கு மேல் என்ன வேண்டும்?

மூலக்கடை ஜங்ஷன்
மேற்கே இருக்கிற ஊருக்குப் போக எதற்குத் தெற்கே சென்ட்ரல் வரை போக வேண்டும் என்று யாராவது கேட்டீர்களா? திருவொற்றியூர் பக்கம் தண்டவாளம் எல்லாம் தெற்கு வடக்காகத்தான் கிடக்கிறது. 2021-இல் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோ திருவொற்றியூர் நெடுஞ்சாலையோடு போகிறது. கும்மிடிப்பூண்டி ரயில் பாதை அதற்குக் கொஞ்சம் மேற்கே, கிட்டத்தட்ட அதே திசையில். இரண்டும் சென்ட்ரல், பீச் ஸ்டேஷன் பக்கம்தான் கொண்டுபோய் விடும். கிழக்கிலிருந்து மேற்கே போக இருப்பது பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும்தான். அந்த ஷேர் ஆட்டோ எந்தச் செயலியிலாவது வருகிறதா?

காலையில் மூலக்கடை மேம்பாலத்துக்குக் கீழே வந்து பாருங்கள். ஷேர் ஆட்டோவாக ஓடுகிற டாடா மேஜிக் வேன் ஒன்று நிற்கும். டிரைவர் இறங்கிக் கதவைப் பிடித்தபடி “பெரம்பூர், பெரம்பூர்” என்று கூவுவார். உள்ளே இருப்பவர்கள் முட்டியை இடித்துக்கொண்டு நகர்வார்கள், ஆள் நிறைந்ததும் கிளம்பிவிடும். அதற்கு நேர அட்டவணையும் கிடையாது, நிறுத்தமும் கிடையாது. கிழக்கு மேற்காகப் போகிற ஜனத்தில் எத்தனை பேர் இதை நம்பியிருக்கிறார்கள் என்று அங்கே நின்று பார்த்தால் தெரியும். உங்கள் வரைபடத்தில் அந்த இடம் வெறும் சாலை.

காலடிப்பேட்டைக்காரன்
அதெல்லாம் சரி, ஊருக்குப் புதிதாக வந்தவன் உங்கள் மேஜிக்கை எப்படிக் கண்டுபிடிப்பான்? பிறந்து வளர்ந்தவனுக்கு மட்டும் தெரிந்த வழி ஒரு வழியா?

மூலக்கடை ஜங்ஷன்
பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பான். வாய் எதற்கு இருக்கிறது?

கொடுங்கையூர் அக்கா
வாயால் கேட்கலாம் தம்பி, ராத்திரி ஒன்பதரைக்கு யாருமே இல்லாத ஸ்டாப்பில் யாரிடம் கேட்பது? அந்த நேரத்தில் எனக்கு வேண்டியது வழி அல்ல. வண்டி கிளம்பிவிட்டதா, எங்கே வந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் ‘சென்னை பஸ்’ 2022-இல் வந்தது. ஜிபிஎஸ் வைத்து வண்டி இருக்கிற இடத்தைக் காட்டும். பஸ் பக்கத்தில் வருகிற வரைக்கும் கடை வாசலில் வெளிச்சத்தில் நின்றுகொள்ளலாம். நடக்கிற தூரம் காட்டுகிற செயலியைவிட எனக்கு இது பெரிது.

இன்னொன்று. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில், அதாவது ஒயிட் போர்டில், பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, டீலக்ஸில் உண்டு. ‘கட்டணமில்லாத வண்டியை மட்டும் காட்டு’ என்று கூகுளில் கேட்க முடியாது. பின்னாடியே ஒயிட் போர்டு வருகிறது என்று தெரிந்தால் முன்னால் வருகிற டீலக்ஸை விட்டுவிடுவேன். இந்தக் கணக்கு எந்த வரைபடத்துக்கும் தெரியாது.

மீஞ்சூர் சீசன்
அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தச் செயலிகளுக்கு நேரம்தான் முதலில், காசு அப்புறம்தான். மீஞ்சூரிலிருந்து வருபவனை விம்கோ நகரில் இறங்கி மெட்ரோ மாறச் சொன்னால் சில நிமிஷம் மிச்சமாகலாம். ஆனால் மின்சார ரயிலில் ஆரம்பக் கட்டணம் 5 ரூபாய், மெட்ரோவில் தொலைவாகப் போனால் 50 வரை போகும். கையில் சீசன் டிக்கெட் வைத்திருப்பவனுக்கு அந்த ரயிலில் அன்றைக்குத் தனிச் செலவே இல்லை. நான் சீசன் வைத்திருக்கிறேன் என்று நான் சொன்னால்தானே தெரியும், அதைச் சொல்ல அங்கே இடமே இல்லையே!

பெரம்பூர் லோகோ
ரயில் என்றால் ‘வேர் இஸ் மை டிரெயின்’ தவிர வேறு எதையும் திறக்க மாட்டேன். 2018-இல் கூகுளே அதை வாங்கிவிட்டது, அதனால் கூகுள் ஆதரவாளர்கள் கோபப்பட வேண்டாம். வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும்போது இணையமும் வேண்டாம், ஜிபிஎஸ்ஸும் வேண்டாம், செல்போன் டவரை வைத்தே எந்த இடம் என்று சொல்லிவிடும். கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு லோக்கல் நிற்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. பேசின் பிரிட்ஜுக்கு வெளியே சிக்னலில் நிற்கிற வண்டி, அட்டவணைப்படி சென்ட்ரலில் எப்போதோ நுழைந்திருக்கும்.

தேரடி வாசிக்கு ஒரு எச்சரிக்கை. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். தண்டையார்பேட்டை என்று மெட்ரோவிலும் உண்டு, மின்சார ரயிலிலும் உண்டு. இரண்டும் வேறு வேறு இடம், இறங்கி மாறிக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள். திருவொற்றியூரும் அப்படித்தான். உங்கள் பக்கத்தில் ரயிலும் மெட்ரோவும் ஒட்டி இருப்பது விம்கோ நகரில். அப்புறம், ராயபுரம் போக வேண்டுமென்றால் பீச்சிலிருந்து கிளம்புகிற வண்டியைப் பாருங்கள். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போவது பேசின் பிரிட்ஜ் தாண்டி நேரே கொருக்குப்பேட்டை போய்விடும்.

சென்னை ஒன் ரசிகன்
ஆளுக்கு ஒரு செயலி சொன்னால் போனில் இடம் எங்கே இருக்கிறது? இதற்காகத்தானே 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்’ வந்தது. பஸ், மெட்ரோ, மின்சார ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே கியூஆர், ஆட்டோவும் அதிலேயே கூப்பிடலாம். கூகுள் வழி சொல்லிவிட்டுக் கை கழுவிவிடும், பஸ், மின்சார ரயில் டிக்கெட் நீங்கள்தான் தேட வேண்டும். இதில் வழியும் டிக்கெட்டும் ஒரே இடத்தில். நடத்துனரிடம் சில்லறைக்குச் சண்டை போட்டு எத்தனை நாளாயிற்று எனக்கு.

மூலக்கடை ஜங்ஷன்
டிக்கெட் எடுக்க நல்லதுதான், நானும் மறுக்கவில்லை. டிக்கெட் கையில் இருந்தால் பஸ் வந்துவிடுமா? போன மழையில் ஒரு செயலி “3 நிமிடம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தது. பேர் வேண்டாம். 3 நிமிடம் 3 நிமிடமாகவே இருந்தது, வண்டியைக் காணோம். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடி வண்டிகள் எப்படிச் சுற்றும் என்று ஸ்டாப்பில் பூ விற்கிற அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, போனுக்குத் தெரியவில்லை.

பெரம்பூர் லோகோ
அது செயலியின் குணம் இல்லை, அதற்குக் கிடைக்கிற தகவலின் குணம். பஸ் வழித்தடமும் நேரமும் ஜிடிஎஃப்எஸ் என்ற ஒரு கோப்பு வடிவில் போகின்றன. 2005 வாக்கில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து தொடங்கியது, இன்று உலகம் முழுக்க அதுதான். அந்தக் கோப்பில் இருப்பது டிப்போ போட்ட அட்டவணை. வண்டி ரிப்பேராகி டிப்போவிலேயே நின்றாலும் கோப்பில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஓடுகிற வண்டியின் இருப்பிடம் தனியாக, நொடிக்கு நொடி வர வேண்டும். அது வராத இடத்தில் திரையில் தெரிகிற நிமிடம் வெறும் அட்டவணை. எது அட்டவணை, எது நேரடித் தகவல் என்று பார்க்கத் தெரிந்தால் பாதிச் சண்டை தீரும்.

கொடுங்கையூர் அக்கா
இதோடு மாதவரம், பெரம்பூர், அயனாவரம் பக்கம் இரண்டாம் கட்ட மெட்ரோ வேலை வேறு. ஸ்டாப்பை இந்தப் பக்கம் தள்ளி, அந்தப் பக்கம் தள்ளி வைக்கிறார்கள். வரைபடத்தில் புள்ளி பழைய இடத்திலேயே நிற்கிறது. நிழற்குடையே இல்லாத இடத்தில் நான்கு பேர் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றால் அதுதான் இப்போதைய ஸ்டாப்.

காலடிப்பேட்டைக்காரன்
ஆக, எல்லாரும் சேர்ந்து ஒரு புது ஆளுக்கு நான்கு செயலியும் ஒரு பூக்கார அம்மாவும் வேண்டும் என்கிறீர்கள். கேட்டவர் ஓடிப்போயிருப்பார்.

தேரடி வாசி
ஓடவில்லை, படித்துக்கொண்டுதான் இருந்தேன். வேலை காலை எட்டு மணிக்கு. தாமதமானால் சம்பளத்தில் பிடிப்பார்கள், அதனால் காலையில் சென்ட்ரல் சுற்றே போகிறேன், டிக்கெட் சென்னை ஒன்னில். மாலையில் அவசரம் இல்லை. மணலி வழியாகத் திரும்பிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். மூலக்கடை அண்ணே, உங்கள் ஜங்ஷனிலிருந்து மணலி பக்கம் மேஜிக் எத்தனை மணி வரைக்கும் கிடைக்கும்?

மூலக்கடை ஜங்ஷன்
ஆள் சேருகிற வரைக்கும். ஏழரைக்குள் வந்துவிடுங்கள், அப்புறம் ஒரு வண்டியில் ஆள் நிறைவதற்கு நேரமாகும். செயலியில் தேடாதீர்கள்.

சென்னை ஒன் ரசிகன்
ஏழரைக்கு மேல் ஆனால் என்னிடம் வாருங்கள், ஆட்டோ கூப்பிடச் சொல்லித் தருகிறேன்.