புதுப்பிப்பு: கிடாக்குட்டிகளுக்குச் சோடா உப்பா, சோளத்தட்டையா?

முன்பு கேட்டிருந்தது இதுதான்: பக்ரீத்துக்கு வளர்க்கும் மேச்சேரி இனச் செம்மறிக் கிடாக்குட்டிகள் மக்காச்சோளத் தீவனத்துக்கு மாறியதும் கழிய ஆரம்பித்தன, அசைபோடுவதும் குறைந்தது. வயிற்றுப் புளிப்பைத் தணிக்கச் சமையல் சோடா கலக்கலாமா? பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

100 கிலோ அடர்தீவனத்துக்கு ஒரு கிலோ கலந்தேன். கொஞ்சம் தணிந்தது, நிற்கவில்லை. அப்புறம் மக்காச்சோளத்தைப் பாதியாக்கி, காலையில் முதலில் கடலைக்கொடியும் சோளத்தட்டையும், அதைத் தின்ற பிறகே தீவனம் என்று மாற்றினேன். அதில்தான் சரியானது. இப்போது புழுக்கை உருண்டையாக, தனித்தனியாக விழுகிறது. மதியம் வேப்பமரத்தடியில் படுத்து எல்லாம் அசைபோடுகின்றன. ஆட்டின் எச்சிலிலேயே சோடா உப்பு இருக்கிறது. நாரை மென்றால்தான் அது நன்றாக ஊறும். அதனால் தட்டையை மாவாக அரைத்துவிடாதீர்கள், விரல் நீளத்துக்கு வெட்டினால் போதும்.

தாது உப்பு பற்றிக் கேட்டவர்களுக்கு: மாட்டுக்கான கலவையைச் செம்மறிக்குத் தொடர்ந்து போட வேண்டாம். அதிலுள்ள தாமிரம் கல்லீரலில் சத்தமில்லாமல் சேர்ந்து, ஒருநாள் திடீரென்று சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். அதன்பிறகு காப்பாற்றுவது கடினம். வெள்ளாடு இதைவிடத் தாங்கும்.

சோடாவை நிறுத்திவிட்டு, சிறுநீரில் கல் அடைக்காமலிருக்க தீவனத்தில் 0.5 சதவீதம் அம்மோனியம் குளோரைடு சேர்க்கிறேன். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் வேலை செய்பவை: சோடா சிறுநீரின் புளிப்பைக் குறைக்கும், இது கூட்டும். செரிமானத்துக்குப் போடும் ஈஸ்ட் பொடி வாங்கவில்லை. அந்தக் காசையும் கடலைக்கொடியில் போட்டுவிட்டேன்.