வேடியப்பனைக் காதலனாக வாசித்தவர்கள்: ஓர் அனுபவப் பகிர்வு

பாலக்கோட்டு மருமகள்:

மாடு மீட்கப் போய்ச் செத்த வீரனின் ஆவி தன் நடுகல்லிலிருந்து இறங்கி வந்து, மறுபிறவி எடுக்கும் ஒருத்தியைக் காதலிக்கும் நாவல் தொடரை நாம் எல்லோரும் வாசிக்கிறோம் அல்லவா? அதன் மூன்றாம் பாகத்தின் 17ஆம் அத்தியாயத்தைக் கடந்தவர்களுக்கு நான் எந்த இடத்தைச் சொல்ல வருகிறேன் என்பது தெரிந்திருக்கும். மைப்படி (கல்லெழுத்தைத் தாளில் மையால் ஒற்றும் படி) எடுக்க வந்தவள் நடுகல்லின் மீது ஈரத்தாளை ஒட்டி, எழுத்துப் பள்ளங்களில் தாள் இறங்கும்படி தூரிகையால் தட்டிக்கொண்டே வருவாள். அவள் தட்டுவதை நிறுத்திய பிறகும் தாளுக்கு அடியிலிருந்து இரண்டு தட்டல்கள் கேட்கும். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பிள்ளைகள் உறங்கிய பிறகு, சமையலறை விளக்கில் அதை வாசித்து முடித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவர் வீட்டார் வேடியப்பன் என்று கும்பிடும் நடுகல்லுக்குப் பொங்கல் வைத்தோம்.

திருமணமாகி ஒன்பது ஆண்டுகளாக அந்தக் கல்லை மஞ்சளும் குங்குமமும் மாலையுமாகத்தான் பார்த்திருக்கிறேன். இம்முறை அதைக் கழுவும் வேலையை அத்தை என்னிடம் கொடுத்தார். இரண்டாவது குடத்துத் தண்ணீரில் பழைய மஞ்சள் கரைந்து வழிந்தபோது, ஒரு பக்கமாகச் சரிந்த கொண்டை முதலில் தெரிந்தது. பிறகு வில்லைப் பிடித்த இடக்கை, வலக்கையில் குறுவாள், தொடையில் தைத்த அம்பு, காலருகே ஒரு சிறு கெண்டி. தொடரில் எப்படி வருணித்திருக்கிறார்களோ அப்படியே இருந்தான். 'இருந்தான்' என்று எழுதிவிட்டேன், பார்த்தீர்களா? ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பு அவரை நான் 'இருந்தார்' என்றுதான் சொல்லியிருப்பேன். எனக்கு நேர்ந்த சங்கடம் முழுவதும் இந்த ஒரு விகுதிக்குள் அடங்கிவிடுகிறது.

மார்பைத் தேய்க்க வேண்டிய இடத்தில் என் கை நின்றுவிட்டது. இரண்டு நாட்களுக்கு முன்புதான் கதாநாயகி அந்த மார்பில் சாய்ந்து அழுதிருந்தாள். "சாமியை இப்படி உற்றுப் பார்க்கக் கூடாதம்மா" என்று அத்தை பின்னாலிருந்து சொன்னபோது, திருட்டில் பிடிபட்டவளைப் போல என் முகம் சுட்டது. கண்ணை மூடிக் கும்பிட முயன்றேன். மூடிய கண்ணுக்குள் அட்டைப்படம்தான் வந்தது. நான்காம் பாகத்தை வாங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன. பிரிக்காமல் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். உங்களில் வேறு யாருக்காவது இப்படி நேர்ந்ததுண்டா?

அரூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

எனக்கு நேர்ந்தது சிறியது. பேத்தியிடமிருந்து முதல் பாகத்தை வாங்கிப் பேருந்தில் வாசிக்கத் தொடங்கினேன். ரயிலைப் பிடிக்க மொரப்பூரில் இறங்க வேண்டியவன் தருமபுரியில் போய் இறங்கினேன். என்னை இறங்க விடாமல் பிடித்து வைத்தது காதல் அன்று, கோபம்.

வீரனை அதியமான் நெடுமான் அஞ்சியின் படையில் சேர்த்துவிட்டு, அவனுடைய கல்லில் பல்லவன் மகேந்திரவர்மனின் ஆட்சியாண்டை, பிற்காலத்து வளைந்த எழுத்தான வட்டெழுத்தில் பொறித்திருக்கிறார்கள். பெருஞ்சேரல் இரும்பொறை அஞ்சியின் தகடூரை அழித்ததும், அரிசில்கிழார் அவனைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடியதும் சங்ககாலத்துச் செய்திகள்; மகேந்திரவர்மனோ 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்டவன். அஞ்சியின் பெயர் ஜம்பைக் குன்றில் தமிழின் பழைய எழுத்தான தமிழியில் இருப்பது 1981இல் கண்டறியப்பட்டது. ஆகவே அவன் காலத்து வீரனின் கல்லுக்கு எழுத்து வேண்டுமென்றால் தமிழியில் எழுதியிருக்கலாம். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்கள் அவ்வெழுத்தில்தான் இருக்கின்றன, அவற்றுள் ஒன்றில் 'ஆகோள்' (மாடு கவர்தல்) என்ற சொல்லே உள்ளது. பேய் வருவதை நான் ஏற்றுக்கொள்கிறேன். தான் செத்துப் பல நூற்றாண்டுகள் கழித்துப் பிறந்த எழுத்தில் பெயரைப் பொறித்துக்கொண்டு வரும் பேயை ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

மருமகளுக்குச் சில யோசனைகள் சொல்ல வேண்டும். கல்லின் மீது எண்ணெய் தடவாதீர்கள், கம்பித் தூரிகை போடாதீர்கள், எழுத்து தெரியவில்லை என்று சுண்ணாம்போ மாவோ பூசிப் படம் எடுக்காதீர்கள். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்போ, மாலையில் பொழுது சாயும்போதோ போய்ப் பக்கவாட்டில் நின்று பார்த்தால், பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தானாக எழும்பி வரும். வீரனின் தலைக்கு மேலேயும் உருவத்தின் இரு பக்கங்களிலும் தேடுங்கள். 'தொறு' என்றிருந்தால் ஆநிரை என்று பொருள். 'பட்டான்' என்றிருந்தால் போரில் இறந்தான் என்று பொருள். தொல்காப்பியம் கல்லைக் காண்பதில் தொடங்கி, கொண்டுவந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைச் சொல்கிறது. தொடரிலோ ஒரே இரவில், அதுவும் மழையில், ஒருத்தியாகவே கல்லை நட்டுவிடுகிறாள். தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள், ஆளுக்கொரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள், பார்க்கும் எழுத்தை அப்படியே வரையச் சொல்லுங்கள். ஆறு மாதத்தில் வட்டெழுத்து பழகிவிடும். நான்காம் பாகத்தைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

இராயக்கோட்டை மளிகைக்காரர்:

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தத் தங்கை கேட்டது கல்லை எப்படிக் கழுவுவது என்பதன்று. கழுவிய பிறகு எப்படிக் கும்பிடுவது என்பது. அதற்கு என்னிடமும் பதில் இல்லை என்பதால் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரே பிரதிதான் வாங்குவோம். அடையாளம் மட்டும் இரண்டு. என் இடத்தில் கடையின் பில் துண்டு இருக்கும், மனைவியின் இடத்தில் கொண்டை ஊசி இருக்கும். நான் கடையைச் சாத்திவிட்டு வருவதற்குள் கொண்டை ஊசி ஐம்பது பக்கம் முன்னால் போயிருக்கும். இரண்டாம் பாகம் எங்கள் ஊர்க் கோட்டையிலேயே நடப்பதால் (திப்புவின் காலம், 1791 ஜூலை, மேஜர் கவுடியின் கம்பெனிப் படை மலையேறி வரும் சமயம், இந்தப் பாகத்தில் ஆண்டு சரியாகத்தான் இருக்கிறது, ஆசிரியர் ஐயா கவலைப்பட வேண்டாம்), ஒரு ஞாயிற்றுக்கிழமை புளிசாதம் கட்டிக்கொண்டு இருவரும் மேலே ஏறினோம். படிகளை மனைவி எண்ணிக்கொண்டு வந்தாள். நான் மூச்சை எண்ணிக்கொண்டு வந்தேன். உச்சியில் இடிந்த மதிலின் நிழலில் உட்கார்ந்து நான் சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன்.

கோட்டைக் காவலருக்குத் தண்ணீர் சுமக்கும் பெண்ணாகக் கதாநாயகி மறுபிறவி எடுத்திருக்கிறாள் அல்லவா? அவள் குடத்தை இறக்கி வைத்து, சுனையில் முகம் கழுவி, நிமிர்ந்து வானத்தைப் பார்க்கிறாள். அவ்வளவுதான் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. துக்கப்பட ஒன்றுமே இல்லை. ஆனால் என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். என்னவென்று கேட்டபோது கண்ணில் தூசி என்றாள். காற்று அடிக்காத நாள் அது. அந்தப் பெண் சாகப்போகிறாள் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அடுத்த முப்பது பக்கங்களையும் ஒன்றும் தெரியாதவனைப் போலக் குரலை மாற்றாமல் வாசித்தேன், குண்டு விழும் இடத்தில் "அடடா" என்றுகூடச் சொன்னேன். கதையில் வந்த சாவு எனக்கு மறந்துவிட்டது. ஒன்றுமில்லாத அந்தப் பக்கத்தில் மனைவி அழுத முகம் மறக்கவில்லை. எனக்கு முன்பே தெரியும் என்பதை இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை. அவளும் இங்கே வாசிப்பவள்தான், இனித் தெரிந்துவிடும்.

தளி, அவ்வாவின் பேத்தி:

எங்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு, படிப்பு தமிழ். அவ்வாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆகையால் போன மார்கழியில், அவள் ஊறவைத்த அவரைப் பருப்பைத் தோலிலிருந்து பிதுக்கிக்கொண்டிருக்கும் நேரங்களில், நான் முதல் பாகத்தைத் தெலுங்கில் சொல்லிக்கொண்டு வந்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு பருப்பை வைத்து அழுத்தினால் 'சளக்' என்று தாவி எதிர்ப்பக்கத்துத் தட்டில் விழும். அவ்வாவின் கை ஓடும் வேகத்தை வைத்தே கதை அவளுக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று நான் கண்டுபிடித்துவிடுவேன்.

சிக்கல் ஒரு சொல்லில் வந்தது. தமிழில் 'ஆவி' என்று இருந்ததை நான் 'தெய்யம்' என்று சொன்னேன். எங்கள் தெலுங்கில் பேய்க்கு அதுதான் பெயர். அவ்வாவின் கை நின்றது. மாடு மீட்கப் போய்ச் செத்து, கல்லாக நின்று, ஊரைக் காப்பவனை எப்படித் தெய்யம் என்று சொல்லலாம், அவன் தேவுடு அல்லவா என்று கேட்டாள். கதை எழுதியவர் அப்படித்தான் எழுதியிருக்கிறார் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, தெய்யமாகவே இருக்கட்டும். இத்தனை வருடமாக அவனுக்கு யார் சோறு வைத்தார்கள்?" என்று கேட்டாள்.

மூன்று பாகங்களையும் புரட்டிப் பார்த்தேன். அவன் சண்டையிடுகிறான், பாடல் சொல்கிறான், முத்தமிடுகிறான், பௌர்ணமிதோறும் கல்லை விட்டு இறங்கி வருகிறான். ஓர் இடத்திலும் எதையும் உண்ணவில்லை, யாரும் அவனுக்கு ஒரு பிடி களிகூடக் கொண்டுவந்து வைக்கவில்லை. ஆசிரியர் ஐயா தொடரில் ஆட்சியாண்டுப் பிழையைக் கண்டுபிடித்தார். எனக்கு அதைவிடப் பெரிய பிழையாக இதுதான் தெரிகிறது. அஞ்சி இறந்த பிறகு ஔவையார் பாடிய புறநானூற்று 232ஆம் பாட்டு ஐயாவுக்கு மனப்பாடமாகவே இருக்கும்: மலைநாடு முழுவதையும் கொடுத்தாலும் வாங்காதவன், நடுகல்லுக்குப் பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள்ளை ஊற்றினால் மட்டும் ஏற்றுக்கொள்வானா என்று அதில் கேட்கிறார். ஊற்றுவதா வேண்டாமா என்ற கேள்வியே ஔவைக்கு இல்லை. அதை அவன் கொள்வானா என்பதுதான் அவருடைய துக்கம். எழுத்தே தெரியாத என் அவ்வா அதே இடத்தில்தான் போய் நின்றாள். மறுநாள் நான் புத்தகத்தை எடுத்தபோது, ஆயிரம் வருடம் பட்டினி போட்டவர்களின் கதையைத் தன்னால் கேட்க முடியாது என்று சொல்லிவிட்டாள். மீதிப் பருப்பை நான்தான் பிதுக்கினேன்.

ஊத்தங்கரை, பாதியில் நிறுத்தியவன்:

நான் முதல் பாகத்தோடு நிறுத்திவிட்டேன். கதை பிடிக்காமல் நிறுத்தவில்லை.

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு துவைகல் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. தாத்தா கிணறு வெட்டிய காலத்தில் நிலத்திலிருந்து புரட்டிக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். பள்ளிச் சீருடையை அதில்தான் நானே அடித்துத் துவைத்திருக்கிறேன். முதல் பாகத்தில், தலைப்பகுதி வளைவாகச் செதுக்கிய பலகைக்கல் என்று வருணனை வந்தபோது, நான் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கொல்லைப் பக்கம் போனேன். துவைகல்லின் ஒரு முனை அப்படித்தான் வளைந்திருந்தது. ஓரத்தில் மண்ணைப் பறித்துவிட்டு, தரையில் ஒருக்களித்துப் படுத்து, அடிப்பக்கத்தில் கையை விட்டேன். சோப்பு நீர் ஊறிய சேறு, ஒரு மண்புழு, பிறகு கல். விரல்நுனிக்கு முதலில் ஒரு மேடு தட்டுப்பட்டது. அது நேராகப் போகாமல் வில்லைப் போல வளைந்து போனது. இன்னும் கொஞ்சம் தள்ளினால் கை எட்டியிருக்கும், அங்கே முகம் இருந்திருக்கலாம். நான் கையை எடுத்துவிட்டேன்.

இரண்டு பேர் கடப்பாரையோடு வந்தால் அரை மணி நேரத்தில் புரட்டிவிடலாம். புரட்டினால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். அம்மா அதன் பிறகு அதில் துணி அடிக்க மாட்டார். தெருவே வந்து மஞ்சள் பூசும், ஆண்டுதோறும் பொங்கல் வைக்க வேண்டும், அதற்கு முதலில் இத்தனை ஆண்டுகள் அவன் முதுகில் அடித்த கணக்கை யாராவது கேட்பார்கள். அதனால் மண்ணை மூடிவிட்டேன். ஆனால் வீட்டில் யார் துணி அடிக்கும் சத்தம் கேட்டாலும் அன்றிலிருந்து என்னால் சும்மா உட்கார்ந்திருக்க முடிவதில்லை.

பாலக்கோட்டு மருமகள்:

தளித் தங்கையின் அவ்வா கேட்டதை நேற்று இரவு அத்தையிடம் கேட்டேன், புத்தகத்தைப் பற்றி மூச்சுவிடாமல். "பொங்கலில் முதல் அகப்பையை எடுத்து வாழையிலையில் வைத்துவிட்டு நாம் எல்லோரும் கொஞ்ச தூரம் திரும்பி நிற்கிறோமே, அது எதற்கு என்று நினைத்தாய்? யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் சாப்பிடக் கூச்சப்படுவான்" என்றார் அத்தை. சாப்பிடுவான் என்றுதான் சொன்னார், சாப்பிடுவார் என்று சொல்லவில்லை.

அரூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

232ஆம் பாட்டை நானே சொல்லியிருக்க வேண்டும். பேத்தியின் வயதுடைய பெண் சொல்லிவிட்டாள், மகிழ்ச்சி. ஊத்தங்கரைத் தம்பிக்கு ஒரு வேண்டுகோள்: கல்லின் நீளம், அகலம், கனம் ஆகியவற்றை அளந்து உடனே எழுதுங்கள். வளைவின் அகலத்தைத் தனியாக அளக்க வேண்டும். நான் அடுத்த வாரமே புறப்பட்டு வருகிறேன்; இம்முறை சரியான இடத்தில் இறங்கிவிடுவேன்.

ஊத்தங்கரை, பாதியில் நிறுத்தியவன்:

ஐயா, இப்போது அளக்க முடியாது. அம்மா போர்வைகளை ஊறவைத்திருக்கிறார்.