ஊக்கமருந்து பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கிறீர்கள்?

கேள்வி: விசில்மாஸ்டர்

வணக்கம். அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். மாநிலப் போட்டி வரை போகிற பிள்ளைகள் சிலர் என்னிடம் இருக்கிறார்கள். போன முகாமில் ஊக்கமருந்து விழிப்புணர்வு என்று ஒரு வகுப்பு நடந்தது. ஸ்லைடெல்லாம் ஆங்கிலம், அதுவும் வாயில் நுழையாத வேதிப்பெயர்கள். பிள்ளைகளுக்கு நினைவில் நின்றது கடைசியில் கொடுத்த டீசர்ட் மட்டும்தான்.

அப்புறம் ஒரு நாள் 400 மீட்டர் ஓடுகிற பெண் இருமல் சிரப்போடு கிரவுண்டுக்கு வந்தாள். லேபிளைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் டெர்பியூட்டலின், விளையாட்டில் தடை செய்த மருந்து. "இருமல் மருந்துதானே சார்" என்கிறாள். கோமதி மாரிமுத்து 2019இல் தோகாவில் வாங்கிய 800 மீட்டர் தங்கம் பறிபோனது, நான்கு ஆண்டு தடை வந்தது எல்லாம் இவர்களுக்குத் தெரியும். ஆனால் அது பெரிய ஆட்களின் சமாச்சாரம் என்று நினைக்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: மாத்திரைடப்பா

மெடிக்கல் வைத்திருக்கிறேன் சார். நல்லவேளை, லேபிளைப் பார்த்தீர்கள். டெர்பியூட்டலின் போட்டி நாளில் மட்டுமல்ல, எப்போதுமே தடைதான். நம் ஊரில் சளி இருமலுக்குச் சாதாரணமாகக் கொடுக்கிற சிரப்புகள் பலவற்றில் அது இருக்கிறது. ஒரே பிராண்டிலேயே பின்னால் இரண்டு எழுத்து மாறினால் உள்ளே சரக்கு மாறிவிடும்.

"அண்ணா, நான் ஸ்போர்ட்ஸில் இருக்கேன்" என்று கவுண்டரில் முதலில் சொல்லப் பழக்குங்கள். அதோடு விட்டுவிடாதீர்கள், தடைப் பட்டியலைப் பார்த்த கடைக்காரர்கள் குறைவு. டாக்டரிடமும் அதையே சொல்லட்டும். வேறு மருந்தே இல்லை என்றால், சிகிச்சைக்காக அனுமதி கேட்டு நாடாவுக்கு (NADA, தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமை) விண்ணப்பிக்க வழி இருக்கிறது. சீட்டையும் லேபிளையும் போட்டோ எடுத்து வைப்பது நல்லது. ஆனால் "தெரியாமல் குடித்தேன்" என்பதால் கேஸ் தள்ளுபடி ஆகாது. தடைக்காலம் குறையலாம், அவ்வளவுதான்.

பதில்: ஸ்பைக்ஸ்

முன்பு ஓடியவன், இப்போது ரயில்வேயில் வேலை. சிரப்பு கதை சரிதான், ஆனால் பாதிக் கதை. 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகள மீட்டில் நடந்ததைப் படித்தீர்களா? நாடா ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஆண்கள் 100 மீட்டர் பைனலில் ஒரே ஒருவர்தான் ஓடினார். அங்கே இல்லாமல் போனது அறிவு என்றா சொல்வீர்கள்?

ஒரு மெடல் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை, வீட்டுக் கடன் அடையும். அந்தக் கணக்கு ஓடுகிற வீட்டில் ஸ்லைடு போட்டு என்ன பிரயோசனம்? எங்கள் காலத்தில் ஊசியை ஊசி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சீனியர் வந்து "ரெக்கவரிக்குடா, விட்டமின்" என்பான். கோச்சே சொன்னால் பதினாறு வயசுப் பையன் எப்படி மறுப்பான்? வகுப்பு எடுப்பதானால் முதலில் கோச்சுக்கும் அப்பா அம்மாவுக்கும் எடுங்கள்.

விசில்மாஸ்டர்

ஸ்பைக்ஸ் அண்ணா, அப்பா அம்மாவைக் கூப்பிட்டால் யார் வருகிறார்கள்? கூலி வேலையை விட்டுவிட்டு வரவேண்டும். சென்ற தடவை ஒரு அம்மா வந்தார். ஜிம்மில் லேபிளே இல்லாத டப்பாவில் புரோட்டீன் பவுடர் விற்றிருக்கிறார்கள், வட்டிக்கு வாங்கிக் காசு கொடுத்திருக்கிறார். "சத்து மாவு மாதிரிதானே சார்?" என்றார். பையன் உடம்பு தேற வேண்டும் என்பது தவிர அவர் மனசில் வேறொன்றும் இல்லை. அவரிடம் வாடா (WADA, உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை), சட்டம் என்று எதைப் பேச?

பதில்: மாத்திரைடப்பா

சட்டம் வேண்டாம் சார். முட்டை, நிலக்கடலை, பயறு என்று விலையோடு எழுதிக் கொடுங்கள். அந்த டப்பா காசில் எத்தனை மாதம் ஓடும் என்று அவரே கணக்குப் போடுவார்.

பதில்: ஸ்பைக்ஸ்

பையனிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள் மாஸ்டர். யார் எதை நீட்டினாலும் "பேரை எழுதிக் கொடுங்க அண்ணா, எங்க சாரிடம் காட்டணும்" என்று கேட்கட்டும். நீட்டிய கை பாதி தடவை பின்னால் போய்விடும். முகாமில் நான் கண்ணால் பார்த்தது இது.