தாத்தாவின் வாங்கு (பெஞ்சு) எங்கே?

ஜெனி: கோயில் திறப்பு உறுதி. ஜூன் 13 வெள்ளி, அந்தோனியார் திருவிழா அன்றே. காலை 10 மணிப் பூசை, கண்டியிலிருந்து ஆயர் ஆண்டகை வருகிறார். யார் யார் வருகிறீர்கள்? வேன் சொல்ல வேண்டும்.

விமலா சித்தி: அந்தோனியாரே 🙏🙏

டிலான் (கட்டார்): இது எத்தனையாவது திகதி?

ரோஸி அத்தை: இந்த முறை உண்மைதான். நேற்று முகப்புக்கு பெயின்ட் அடித்து முடித்தார்கள். நீலம்.

விமலா சித்தி: நீலமா??

ரோஸி அத்தை: கேட்காதே.

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். இளையவர்களுக்கு விபரம் தெரியாததால் எழுதுகிறேன். 2019 மழையில் பீடத்துக்குப் பின்சுவர் வெடித்தது. அஸ்பெஸ்டஸ் தகடுகளைக் கழற்றிய பிறகுதான் கூரைமரம் உளுத்திருந்தது தெரிந்தது. அடுத்த வருஷம் கொரோனா. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆன கையோடு தேயிலைத் தோட்டத்தில் எல்லாரும் ஒருநாள் பேரை, அதாவது ஒருநாள் சம்பளத்தை, கோயிலுக்குக் கொடுத்தார்கள். கொமிட்டி கூடிப் பேசி முடிப்பதற்குள் 2022 வந்துவிட்டது, சீமெந்து மூட்டை 3,000 ரூபாய்க்கு ஏறிவிட்டது. ஆகவே தாமதத்துக்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

டிலான் (கட்டார்): கொமிட்டித் தலைவர் யார் பெரியப்பா? 😇

பெரியப்பா: நான் அப்போது உபதலைவர் மட்டுமே.

ரோஸி அத்தை: 🤭

டிலான் (கட்டார்): கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் ஏப்ரல் 21 குண்டு வெடித்தது. ஜூன் 12 திறந்துவிட்டார்கள். அதே 2019தான்.

கொழும்பு சித்தப்பா: அதைக் கட்டியது கடற்படை. நமக்கு ஒரே ஒரு மேசன் பாஸ்.

ரோஸி அத்தை: அவரும் தீபாவளிக்குப் போனால் பொங்கல் முடிந்துதான் வருவார்.

ஜெனி: வேன் 🙄

கொழும்பு சித்தப்பா: நாங்கள் பொடி மெனிக்கே ரயிலில் வருகிறோம். காலையில் ஏறினால் சரி.

ஜெனி: 5.55க்குக் கொழும்புக் கோட்டையில் ஏறி ஹட்டனில் இறங்கும்போது இங்கே பாதிப் பூசை முடிந்திருக்கும் சித்தப்பா. முதல் நாளே வாருங்கள்.

கொழும்பு சித்தப்பா: எங்கே தங்குவது?

ரோஸி அத்தை: ஏன், நம்ம லயத்துக் காம்பரா ஆகாதா?

கொழும்பு சித்தப்பா: அப்படிச் சொல்லவில்லை அக்கா.

விமலா சித்தி: நான் உங்களோடு தங்குகிறேன் அண்ணி. அவர் டவுனில் ரூம் எடுக்கட்டும்.

கொழும்பு சித்தப்பா: ஜெனி, கல்வெட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. கோயில் மணி உபயம் என்று சரியாகப் போட்டிருக்கிறார்களா பார்.

ஜெனி: துணி போட்டு மூடியிருக்கிறது.

ரோஸி அத்தை: நான் துணியைத் தூக்கிப் பார்த்தேன். உன் பெயர் பெரிசாகவே இருக்கிறது தம்பி. என் வீட்டுக்காரர் பெயர்தான் இல்லை. ஆற்று மணல் சுமந்தே அந்த மனுசனுக்கு இடுப்பு போனது.

விமலா சித்தி: 😔

பெரியப்பா: ஒரு முக்கிய அறிவித்தல். பீடம் புதிது என்பதால் ஆண்டகை அதை அபிஷேகம் செய்வார். வெறும் பீடத்தில் கிறிஸ்மா தைலம் ஊற்றித் தடவி, அதன் மேலேயே சாம்பிராணி எரிப்பார்கள். சுவர்களிலும் தைலம் பூசுவார்கள். பிறகுதான் துணி விரித்து மெழுகுவர்த்தி ஏற்றுவது. நேரம் எடுக்கும், பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துக் கூட்டி வாருங்கள். அதுவரை பீடத்தில் ஒரு பூக்கூட வைக்கக் கூடாது.

ஜெனி: பீடத்துக்குப் பூ சொல்லி அட்வான்சும் கொடுத்துவிட்டேனே!

ரோஸி அத்தை: பூவை விடு. உள்ளே முழுக்க பிளாஸ்டிக் கதிரை. இடதுபக்கம் மூன்றாவது, அப்பா வாங்கு எங்கே?

ஜெனி: சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் பிள்ளைக்காம்பராவில் பூசை வைத்த நேரம் வாங்கெல்லாம் அங்கே போனது அத்தை.

ரோஸி அத்தை: அங்கே இல்லை, ஆயாவிடம் கேட்டுவிட்டேன். கவ்வாத்துக் கத்தியால் அப்பா வெட்டிய எழுத்து, ச.சூ. என்று. அந்த சூ-வின் சுழிக்குள் மெழுகு இறுகிக் கிடக்கும். பிரசங்க நேரம் நான் நகத்தால் நோண்டி எடுப்பேன், அம்மா தொடையில் கிள்ளுவார்.

டிலான் (கட்டார்): பொறுங்கள். மாரியம்மன் கோயில் தேர் வீடியோவில் மேளக்காரர் உட்கார்ந்திருக்கும் வாங்கைப் பாருங்கள்.

[வீடியோ]

ஜெனி: ஐயோ. ச.சூ.!

பெரியப்பா: அது ஒரு பரிமாற்றம். அவர்கள் நமக்கு ஸ்பீக்கரும் பந்தல் தகரமும் தந்தார்கள்.

ரோஸி அத்தை: யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள் அண்ணே?

டிலான் (கட்டார்): உபதலைவரைக் கேட்டுத்தான் 😂

விமலா சித்தி: சண்டை வேண்டாம். அன்றைக்குச் சாப்பாடு என்ன?

ஜெனி: கோழி பிரியாணி என்று பேச்சு.

ரோஸி அத்தை: வெள்ளிக்கிழமையா?

பெரியப்பா: பாதுகாவலர் திருவிழா நம் கோயிலுக்குப் பெருவிழா. பெருவிழா வெள்ளியில் வந்தால் சுத்தபோசனம் (இறைச்சி தவிர்ப்பது) கட்டாயமில்லை.

ரோஸி அத்தை: நமக்கு இல்லை. மாரியம்மன் கோயில் ஆட்களையும் கூப்பிட்டிருக்கிறோமே, அவர்கள் வெள்ளிக்கிழமை கோழி தின்பார்களா?

கொழும்பு சித்தப்பா: இரண்டு அண்டா வையுங்கள்.

ரோஸி அத்தை: காசு நீ கொடுப்பாயா? கல்வெட்டில் இனி இடமில்லை.

டிலான் (கட்டார்): எனக்கு வெள்ளி லீவு. யாராவது லைவ் போடுங்கள்.

ஜெனி: கோயிலடியில் சிக்னல் இல்லை. ரெக்கோட் பண்ணி அனுப்புகிறேன். இப்போதாவது வேனுக்குப் பெயர் சொல்லுங்கள்.

ரோஸி அத்தை: பெரிய வேனாகச் சொல். போகிற வழியில் மாரியம்மன் கோயிலில் நிறுத்தி வாங்கை ஏற்ற வேண்டும்.

பெரியப்பா: அவசரப்படாதே ரோஸி. அடுத்த ஞாயிறு கொமிட்டியில் பேசி ஒரு முடிவு எடுப்போம்.

டிலான் (கட்டார்): போச்சு.

விமலா சித்தி: ஜெனி, பூ என்ன நிறம் சொல்லியிருக்கிறாய்? நீலச் சுவருக்கு மஞ்சள் எடுக்காதே.