சிம்பொனி இசைத்தட்டு மந்தமாக ஒலிக்கிறது: பழுது ஊசியிலா, பெல்ட்டிலா?

பொள்ளாச்சித் தோப்பு:
வணக்கம். சித்தப்பா கொடுத்த டர்ன்டேபிளில் பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியைப் போட்டுக் கேட்டேன். தொடக்கம் முதல் இறுதி வரை இசை கனத்துத் தொங்குகிறது. வயலின்கள் அவற்றைவிடக் கனத்த குரலுள்ள வயோலாவைப் போலவும், செல்லோக்கள் இன்னும் தாழ்ந்த குரலுள்ள டபுள்-பாஸைப் போலவும் ஒலிக்கின்றன. நான்காம் பகுதியில் டிராம்போன் என்னும் பித்தளை ஊதுகருவிகள் வந்து சேரும் இடங்களில் கரகரப்பும் இருக்கிறது. ஊசியை மாற்ற வேண்டுமா, பெல்ட்டை மாற்ற வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை விருந்தினர் வருகிறார்கள். விரைவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஈரோடு 33:
எந்த டர்ன்டேபிள், எந்தக் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி), யார் நடத்திய பதிவு, எந்த நாட்டு அச்சு ஆகியவற்றைச் சொல்லாமல் பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது? கருவி பெல்ட்டில் ஓடுகிறதா, மோட்டாரே தட்டை நேரடியாகச் சுழற்றுகிறதா என்பதையும் எழுதுங்கள்.

தாராபுரம் ரசிகர்:
விவரமே தேவையில்லை. வீட்டில் பல ஆண்டுகள் சும்மா கிடந்த கருவி என்றால், தட்டின் தண்டு அமரும் குழியில் பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். தட்டைக் கழற்றி, தண்டையும் குழியையும் ஸ்பிரிட்டால் துடைத்து, மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் போதும். நான் பார்த்த கருவிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வேலையிலேயே சரியாயின.

திருப்பூர் நூல்:
பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வீடுகளில் மின்னழுத்தம் எப்படியிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பம்ப்செட் ஓடும் நேரத்தில் 180 வோல்ட்டுக்கு இறங்கினால் டர்ன்டேபிள் மட்டும் எப்படிச் சரியாக ஓடும்? முதலில் ஒரு ஸ்டெபிலைசர் வாங்குங்கள்.

ரேஸ்கோர்ஸ் வாசி:
இதே கேள்வியை ஆண்டுக்கு ஒருமுறை யாராவது கேட்டுவிடுகிறார்கள். புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள், ஒரே சிம்பொனியை ஒவ்வொரு நடத்துநரும் ஒவ்வொரு காலப்பிரமாணத்தில் நடத்துவார் என்பதை அறியாமல், மெதுவாக ஒலிப்பதையெல்லாம் பழுது என்று கருதுகிறார்கள். ஓட்டோ கிளெம்பரர் பில்ஹார்மோனியா இசைக்குழுவுடன் செய்த பேத்தோவன் பதிவுகளை முதன்முறை கேட்பவர், கருவி நின்றுவிடப் போகிறதோ என்றுதான் அஞ்சுவார். அந்த நிதானத்தில் உள்ள கம்பீரம் பிடிபடுவதற்குக் கொஞ்சம் காது பழக வேண்டும், தம்பி. திரைப்பாட்டின் பின்னணியில் வயலின்களைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அது உடனே வாய்க்காது.

பொள்ளாச்சித் தோப்பு:
பெல்ட் கருவிதான், பெல்ட்டும் புதியது. இசைத்தட்டு, ஹெர்பர்ட் வான் காரயான் பெர்லின் பில்ஹார்மோனிக்குடன் 1960களின் தொடக்கத்தில் டாய்ச் கிராமஃபோன் நிறுவனத்துக்காகப் பதிவுசெய்தது. வேகத்தில் குறை இருக்க வாய்ப்பில்லை. கருவியுடன் வந்த, வேகத்தைச் சரிபார்க்கும் கோடுபோட்ட வட்ட அட்டையைத் தட்டின் மேல் வைத்து, குண்டு பல்பின் வெளிச்சத்தில் பார்த்துவிட்டேன். 33-க்கு, அதாவது நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகத்துக்கு, உரிய கோடுகள் இம்மியும் நகராமல் நிற்கின்றன. ஆகவே ஊசிதானே?

தாராபுரம் ரசிகர்:
கோடுகள் நிற்கின்றன என்றால் எண்ணெய்க் கணக்கு பொருந்தாது. ஊசியின் எடையைப் பாருங்கள். காந்தக் கார்ட்ரிட்ஜாக இருந்தால் ஒன்றரை முதல் இரண்டரை கிராம் வரை போதும். அதற்கு மேல் அழுத்தினால் ஒலி கனக்கும்.

ஈரோடு 33:
ஊசியின் எடையால் வயலின் எப்படி வயோலாவாகும்? இருக்கட்டும். ரேஸ்கோர்ஸ் ஐயா அவர்களுக்கு ஒரு சொல்: இது கிளெம்பரர் அல்ல. காரயானின் 1962-ஆம் ஆண்டு ஐந்தாம் சிம்பொனி விறுவிறுப்புக்குப் பெயர் பெற்றது. அதைக் கேட்டு யாரும் மந்தம் என்று சொல்லமாட்டார்கள். தோப்புக்காரர் அதே பதிவை இணையத்தில் கேட்டு, முதல் பகுதிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பொள்ளாச்சித் தோப்பு:
இணையத்தில் ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். என் கருவியில் எட்டரை நிமிடத்தைத் தாண்டுகிறது.

ரேஸ்கோர்ஸ் வாசி:
இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. முதல் பகுதியின் தொடக்கப் பிரிவான எக்ஸ்பொசிஷனைத் திரும்ப வாசிக்கும்படி பேத்தோவன் குறித்திருக்கிறார். அதற்கு ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் பிடிக்கும். ஒரு பதிவில் திருப்பி வாசித்திருப்பார்கள், மற்றொன்றில் விட்டிருப்பார்கள். மேலும் காரயான் இந்தச் சிம்பொனிகளை 1950களில் லண்டனிலும், பின்னர் 60களிலும் 70களிலும் 80களிலும் பெர்லினிலும் திரும்பத் திரும்பப் பதிவுசெய்தார். உறை அட்டையில் உள்ள அதே முகம் இணையத்திலும் இருப்பதால் மட்டும் அது அதே பதிவு ஆகிவிடாது.

ஈரோடு 33:
கணக்கு அழகாகப் பொருந்துகிறது என்பதற்காகவே அதை நம்பிவிட முடியாது. நேர வேறுபாட்டைத் திருப்பி வாசித்ததாகச் சொல்லி விளக்கிவிடலாம். வயலினின் குரல் தாழ்ந்திருப்பதை எதைக் கொண்டு விளக்குவீர்கள்? நடத்துநர் எவ்வளவு மெதுவாக நடத்தினாலும், சி சுரத்தை ஆதாரமாகக் கொண்ட சி மைனரில் உள்ள சிம்பொனி சி மைனரிலேயே இருக்கும்.

ரேஸ்கோர்ஸ் வாசி:
சுருதியும் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறியே வந்திருக்கிறது. பழங்கால முறைப்படி வாசிக்கும் குழுக்கள் இன்றும் ஏ சுரத்தைப் பொது அளவான 440 ஹெர்ட்ஸில் வைக்காமல் 415 அல்லது 430 ஹெர்ட்ஸில் வைக்கின்றன. இதையெல்லாம் படித்துவிட்டு விவாதத்துக்கு வந்தால் நேரம் மிச்சமாகும்.

ஈரோடு 33:
பெர்லின் பில்ஹார்மோனிக் பழங்கால முறைக் குழுவா? காரயான் காலத்து பெர்லின் 440-க்கு மேலேதான் நின்றதே தவிர, கீழே இறங்கவில்லை. எதிர்த்திசையில் போகும் சான்றை நீங்களே எடுத்துக் கொடுக்கிறீர்கள்.

கோபி வீணை:
இருவரும் சற்றுப் பொறுங்கள். தோப்புக்காரரே, வீட்டில் சுருதிப் பெட்டி இருக்கிறதா? தொடக்கத்தில் வரும் அந்த நான்கு சுரங்கள் கழிந்து, இசை சட்ஜத்தில் வந்து அமரும் இடத்தில் பெட்டியைச் சேர்த்துப் பாருங்கள். எத்தனை கட்டையில் நிற்கிறது?

பொள்ளாச்சித் தோப்பு:
இருக்கிறது. பார்த்தேன். ஆறு கட்டையில், அதாவது கீழ் ஆறில் சேருகிறது. நம் கச்சேரிகளில் பாடுபவர் தம் குரலுக்கு ஏற்றபடி சுருதி வைத்துக்கொள்வதைப் போல, அவர்களும் வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்ததால் இதை முதலில் எழுதவில்லை.

கோபி வீணை:
நம் இசையில் அது சரி. ஆனால் ஆர்கெஸ்ட்ரா இசையில் சுருதியும் இயற்றியவர் எழுதி வைத்ததன் ஒரு பகுதி. சி மைனர் என்றால் சி சுரமே சட்ஜம், அதாவது ஒரு கட்டை. எல்லாக் குழுவினரும் அதில்தான் வாசிப்பார்கள். உங்கள் கருவியில் அந்த ஒரு கட்டை, கீழ் ஆறாக இறங்கியிருக்கிறது. அந்தக் கீழ் ஆறைச் சட்ஜமாகக் கொண்டால், ஒரு கட்டை அதன் ‘சாதாரண காந்தாரம்’ என்னும் சுரம். இந்த இரண்டுக்கும் உள்ள அதிர்வெண் விகிதம் ஆறுக்கு ஐந்து. நேரக் கணக்கையும் இதனுடன் வைத்துப் பாருங்கள்: ஏழேகால் நிமிடத்தை ஐந்தால் வகுத்து ஆறால் பெருக்கினால் ஏறத்தாழ எட்டே முக்கால் நிமிடம் வருகிறது. உங்கள் தட்டு ஆறு சுற்ற வேண்டிய நேரத்தில் ஐந்துதான் சுற்றுகிறது. மின்சாரத்தில் 60-ம் 50-ம் எங்கே வரும் என்று எனக்கு ஓர் ஐயம் இருக்கிறது. இந்தக் கருவி எந்த நாட்டிலிருந்து வந்தது?

பொள்ளாச்சித் தோப்பு:
சித்தப்பா அமெரிக்காவில் இருந்தபோது வாங்கியது. அதற்காக 110 வோல்ட் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி இணைத்திருக்கிறேன். அது முக்கியமா?

ஈரோடு 33:
முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டிய ஒரே வரி அதுதான், ஐயா.

கணபதி பட்டறை:
கோவையில் மோட்டார் ரீவைண்டிங் செய்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். மோட்டாரின் தகட்டில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லுங்கள்.

பொள்ளாச்சித் தோப்பு:
115 வோல்ட், 60 சைக்கிள், 300 ஆர்.பி.எம்.

கணபதி பட்டறை:
அப்படியென்றால் இது சிங்க்ரனஸ் மோட்டார். இதன் வேகத்தை மின்னழுத்தம் தீர்மானிப்பதில்லை. மின்சாரம் வினாடிக்கு எத்தனை சைக்கிள் (ஹெர்ட்ஸ்) என்பதே தீர்மானிக்கிறது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்குமே தவிர, சைக்கிளைத் தொடாது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸில் 300 சுற்று ஓடிய மோட்டார், நம் 50 ஹெர்ட்ஸில் 250 சுற்றுதான் ஓடும். தட்டும் 33⅓-க்குப் பதிலாக 27.8 சுற்றில் நிற்கும்.

கோடுகள் ஏன் நகரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எல்லோரையும் திசைதிருப்பியது அதுதான். அந்த அட்டையும் அமெரிக்க அட்டை. 33-க்கு உரிய வட்டத்தில் 216 கோடுகள் இருக்கும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல்பு வினாடிக்கு 120 முறை மினுக்கும். அந்த மினுக்கலுக்கு 33⅓ சுற்றில் 216 கோடுகளும் நின்றதுபோலத் தெரியும். நம் ஊரில் பல்பு 100 முறைதான் மினுக்குகிறது. மோட்டார் எந்த அளவுக்குக் குறைந்ததோ அதே அளவுக்கு மினுக்கலும் குறைந்துவிட்டதால், 27.8 சுற்றிலும் கோடுகள் அசையாமல் நிற்கின்றன. நம் மின்சாரத்துக்கு 180 கோடு உள்ள அட்டை வேண்டும். அதைத் தேடி அலைய வேண்டாம். தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி மூன்று நிமிடம் எண்ணுங்கள். சரியான வேகத்தில் 100 சுற்று வரும், உங்களுக்கு 83 வரும்.

திருப்பூர் நூல்:
மின்னழுத்தத்துக்குத் தொடர்பே இல்லை என்பதை ஏற்க முடியாது. மாலையில் எங்கள் வீட்டு மின்விசிறியே மெதுவாகத்தான் சுற்றுகிறது.

கணபதி பட்டறை:
மின்விசிறி இண்டக்‌ஷன் மோட்டார். அழுத்தம் குறைந்தால் அது நழுவும். சிங்க்ரனஸ் மோட்டார் அழுத்தம் குறையும்போது இழுவிசையை இழக்குமே தவிர, ஓடும் வரை அதே வேகத்தில்தான் ஓடும். தாங்க முடியாத நிலையில் நின்றுவிடும். ஆனால் வோல்ட் பற்றிய ஒரு எச்சரிக்கை இங்கே தேவை. 60 ஹெர்ட்ஸுக்கென்று கம்பி சுற்றப்பட்ட மோட்டாரை 50-ல் ஓட்டினால் இரும்பில் காந்தப்பாய்வு கூடி அது சூடாகும். டிரான்ஸ்ஃபார்மரில் 100 வோல்ட் முனை இருந்தால் அதில் இணைப்பது நல்லது.

தாராபுரம் ரசிகர்:
பெல்ட் ஓடும் மோட்டார் புல்லியின் மேல் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிப் பருமனைக் கூட்டிவிட்டால் செலவில்லாமல் முடிந்துவிடுமே.

கோபி வீணை:
டேப்பின் முனை வரும் இடத்தில் ஒரு மேடு உண்டாகும். நீண்டு ஒலிக்கும் ஓபோ என்னும் ஊதுகுழலின் சுரம் ஒவ்வொன்றும் அந்த மேட்டினால் நடுங்கும். ஐந்தாம் சிம்பொனியின் முதல் பகுதியில் ஆர்கெஸ்ட்ரா முழுவதும் அடங்கி, ஓபோ மட்டும் தனியாக ஒரு சிறு ஆலாபனை போல வாசிக்கும் இடம் இருக்கிறது. அதை அப்படிக் கேட்பதைவிடக் கேட்காமலிருக்கலாம்.

கணபதி பட்டறை:
டேப் வேண்டாம். 50 ஹெர்ட்ஸுக்கு உரிய புல்லி அந்த மாடலுக்குக் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் கணபதியிலோ பீளமேட்டிலோ நல்ல லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்துகொள்ளலாம். வெறுமனே ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிவிடாதீர்கள். பெல்ட்டின் தடிமனும் கணக்கில் வரும். பழைய புல்லி 10 மி.மீ., பெல்ட் 0.6 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், இரண்டையும் கூட்டி 1.2-ஆல் பெருக்கி, 0.6-ஐக் கழிக்க வேண்டும், 12.12 மி.மீ. வரும். 12 மி.மீ. என்று கடைந்தால் ஏறத்தாழ ஒரு சதவீதம் மெதுவாகவே ஓடும். வீணை வாசிப்பவர்கள் அதையும் கண்டுபிடித்துவிடுவார்கள். பெல்ட் வழுக்காமல் இருக்கப் பழைய புல்லியின் நடுவில் சிறிய மேடு இருந்தால், புதியதிலும் அதே வளைவு வேண்டும். 45 சுற்று வேகத்துக்கு உரிய படியையும் மறக்காதீர்கள்.

ரேஸ்கோர்ஸ் வாசி:
கருவி அமெரிக்கக் கருவி என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் நானும் இதையே சொல்லியிருப்பேன். இருந்தாலும் கிளெம்பரரைப் பற்றி நான் எழுதியது எதுவும் மாறவில்லை.

ஈரோடு 33:
அதை யாரும் மறுக்கவும் இல்லை. ஆனால் கிளெம்பரரின் மெதுநடையில் ஒவ்வொரு சுரத்துக்கும் இடையே காற்று இருக்கும். 27.8 சுற்றில் ஓடும் காரயானில் வில் நரம்பைத் தொடும் ஒலிகூட இழுபடும். இரண்டும் ஒன்றல்ல.

பொள்ளாச்சித் தோப்பு:
எண்ணிப் பார்த்தேன், 83. புல்லி கடைந்து மாட்டியாயிற்று. இப்போது 100 வருகிறது, சுருதியும் ஒரு கட்டையில் சேருகிறது. கணபதி அண்ணாவுக்கும் கோபி அவர்களுக்கும் நன்றி. டிராம்போன் கரகரப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

ஈரோடு 33:
அது வேறு பிரச்சினை. பக்கத்தின் முடிவில், லேபிளை ஒட்டிய பள்ளத்தில்தானே கரகரக்கிறது? ஒரே சுற்று வேகமானாலும், வெளி விளிம்பில் வினாடிக்கு 50 சென்டிமீட்டர் அளவுக்கு ஊசியின் அடியில் ஓடும் பள்ளம், உட்புறத்தில் 20 சொச்சம்தான் ஓடுகிறது. அத்தனை அலைகளும் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி வெட்டப்பட்டிருக்கும். சிம்பொனிகளோ பெரும்பாலும் அந்த இடத்தில்தான் முழங்கி முடிகின்றன. கார்ட்ரிட்ஜ் கோணலாக இருந்தால் முதலில் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். கோண அளவு அட்டையை வைத்து நேராக்குங்கள். அதன் பிறகும் கரகரத்தால் ஊசி தேய்ந்திருக்கலாம். அல்லது தேய்ந்த ஊசியால் சித்தப்பா அந்தப் பகுதியை விரும்பித் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கலாம். வேறு இசைத்தட்டின் கடைசிப் பகுதியிலும் இதே கரகரப்பு வருகிறதா?

தாராபுரம் ரசிகர்:
எண்ணெய் விட்டீர்களா என்பதையும் எழுதுங்கள்.

திருப்பூர் நூல்:
புல்லி கடைய எவ்வளவு ஆயிற்று? என்னிடமும் மைத்துனர் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய கருவி ஒன்று இருக்கிறது.